கிளட்சை மிதித்தால் கிராங்க் நகர்கிறது

வேலை பார்த்த எஞ்சின் கெட்டுப்போனால் வேலை பார்க்காத எஞ்சின் கெட்டுப்போவதைவிடக் குழப்பம் அதிகம். பழையதில் எல்லாமே தேய்ந்திருக்கும், எதைச் சந்தேகப்பட்டாலும் பாதியாவது சரியாக வரும். புதிதாகப் போர் எடுத்து, பிஸ்டன் மாற்றி, கிராங்க் கிரைண்டிங் செய்து, பெயிண்ட் அடித்து வந்த எஞ்சினில் எதைச் சந்தேகப்படுவது? எல்லாவற்றுக்கும்தான் பில் இருக்கிறதே.

என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அப்படித்தான் ஆனது. பட்டறையின் பெயர் வேண்டாம். நாணயமாகத்தான் செய்தார்கள், ஒரே ஓர் இடத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். அந்த ஓர் இடம் எது, அதை எப்படிப் பிடித்தோம், கெட்டதை எப்படிச் சரிசெய்தோம் என்று விரிவாக எழுதிவைக்கிறேன். ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொருவர் இதே பள்ளத்தில் விழ வேண்டாம்.

ஹெரால்டைப் பார்த்தே இராத தலைமுறைக்காகக் கொஞ்சம் முன்கதை. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்த கார் இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைத் தயாரித்தது, தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். பம்பாயில் ஃபியட், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் அம்பாசடர் என்றிருந்த காலத்தில் நம்ம ஊர் கார் என்றால் இதுதான். அப்போது டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி ஓட்டியது. குறுகலான தெருவில் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். பானெட், மட்கார்டு, முகப்பு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பிரிக்கலாம். இந்த வசதியை எந்த நவீன காரும் எனக்குத் தரவில்லை.

எஞ்சின் 948 சி.சி., நாலு சிலிண்டர், 63 மி.மீ. போர், 76 மி.மீ. ஸ்ட்ரோக். இதன் பரம்பரை 1953-இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட் காரின் 803 சி.சி. எஞ்சினில் தொடங்குகிறது. அதே வடிவமைப்பு 948, 1147, 1296 என்று வளர்ந்து கடைசியில் 1493 சி.சி. ஆகி ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரிலும் எம்.ஜி. மிட்ஜெட்டிலும் போய் உட்கார்ந்தது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் இன்னும் ஏராளம். அவர்கள் புண்ணியத்தில் நமக்கும் சில சாமான்கள் தபாலில் கிடைக்கின்றன.

இந்தக் குடும்பத்து எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் மூன்று மெயின் பேரிங்குகளில் சுழல்கிறது. சுழல்வது போக, அது முன்னும் பின்னும் நகரவும் பார்க்கும். அதைத் தடுக்கப் பின்பக்க மெயின் பேரிங்கின் இரண்டு புறமும் புறத்துக்கு ஒன்றாக அரைவட்ட வாஷர்கள் இருக்கின்றன. த்ரஸ்ட் வாஷர் என்பார்கள். தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போல்ட்டு கிடையாது, பின் கிடையாது. பிளாக்கில் இருக்கும் பள்ளத்தில் செருகி, கீழே பேரிங் கேப்பை மாட்டினால் அது சுழலாமல் நிற்கும், அவ்வளவுதான் பிடிமானம்.

கிளட்சை மிதிக்காத வரை இந்த வாஷருக்குப் பெரிதாக வேலை இல்லை. மிதித்த கணத்தில் ரிலீஸ் பேரிங் கிளட்ச் கவரைத் தள்ளுகிறது, கவர் ஃப்ளைவீலைத் தள்ளுகிறது, ஃப்ளைவீல் கிராங்கை முன்னால் தள்ளுகிறது. காலின் அழுத்தம் முழுவதும் பின்பக்க வாஷரின் மேல் விழுகிறது. சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கமுள்ளவர்கள் அங்கே எவ்வளவு சூடு கிளம்பும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

இனி என் வண்டியின் கதை.

பட்டறையிலிருந்து வந்த புதிதில் எஞ்சின் பட்டுப்போல ஓடியது. ரன்னிங்-இன் முடிவதற்குள் சின்னதாக ஒரு மாற்றம் தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் ஐடிலிங் இறங்கியது. முதலில் லேசாக இறங்கியது, பிறகு ஆஃப் ஆகிவிடுமோ என்கிற அளவுக்கு. கூடவே அடியில் மந்தமாக ஒரு 'தட்'. கிளட்ச் பெடல் பிடிக்கும் இடமும் மாறிக்கொண்டே போனது.

அறிகுறிகளை வாட்ஸாப் குழுவில் போட்டேன். "கிளட்ச் பிளேட் போயிருக்கும் சார்" என்று ஒருவர். "கார்புரேட்டர் ஐடில் ஸ்க்ரூவைக் கால் திருகு ஏத்துங்க" என்று இன்னொருவர். மூன்றாமவர் எஞ்சினைத் தூக்கிவிட்டு மாருதி எஞ்சின் போடச் சொன்னார். எந்தக் குழுவிலும் மாருதி எஞ்சின் போடச் சொல்ல ஒருவர் இருப்பார்.

சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்ட் பேரிங். அதற்கு எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தச் சிலிண்டரின் வயரை எடுத்தால் சத்தம் குறைகிறதோ அந்தச் சிலிண்டரின் பேரிங்தான் ஆள். என் வண்டியில் எந்த வயரை எடுத்தாலும் சத்தத்தில் மாற்றமே இல்லை. கிளட்சை மிதித்தால் மட்டும் அதன் குணம் மாறியது.

அடுத்து ஆயில் பிரஷர். ஹெரால்டில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குதான் உண்டு, மீட்டர் கிடையாது. விளக்கின் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கேஜ் மாட்டினோம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, 2000 ஆர்.பி.எம்.மில் 40 பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் மேல் காட்டியது. இந்த எஞ்சினுக்கு 40 முதல் 60 வரை இருக்கலாம் என்பது கணக்கு. அடிமட்டம்தான், ஆனால் தேறிவிட்டது. இந்தக் கோளாறின் விஷமமே அதில்தான் இருக்கிறது. த்ரஸ்ட் வாஷர் தேய்ந்தால் பிரஷர் விழாது, விளக்கு எரியாது, டெம்பரேச்சர் ஏறாது. காரின் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கருவியும் சொல்லாது.

சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, முன்பக்கக் கிராங்க் புல்லி. எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை உள்ளே உட்காரவைத்துக் கிளட்சை மிதிக்கச் சொன்னேன். புல்லி என்னைப் பார்த்து முன்னால் வந்தது. விட்டான், பின்னால் போனது. "இன்னொரு தடவை மிதிடா." மறுபடி வந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கிராங்க் முன்னும் பின்னும் நகர அனுமதிக்கப்பட்ட தூரம் ஓர் இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 4 முதல் 8 பங்கு வரை, அதாவது 0.10 முதல் 0.20 மி.மீ. வரை. அது கண்ணுக்குத் தெரியும் அளவே அல்ல. டயல் கேஜை வைத்துப் பார்த்தபோது முள் ஒரு முழுச் சுற்றையும் தாண்டிப் போனது. அந்த நகர்வு, அதாவது எண்ட் ப்ளே, ஒரு மில்லிமீட்டரைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு வண்டியை ஸ்டார்ட் செய்வதை நிறுத்தினேன்.

ஆயிலை வடித்தோம். வெயிலில் காட்டியபோது சரிகை மாதிரி மின்னியது. இந்த இடத்தில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பேரிங்கின் மேல்பூச்சு காந்தத்தில் ஒட்டாது, எஃகும் வார்ப்பிரும்பும் ஒட்டும். சாதாரணமாகத் தேய்ந்த பேரிங் என்றால் ஒட்டாத தூள்தான் அதிகம் இருக்கும். இங்கே தலைகீழ், பெரும்பகுதி காந்தத்தில் அப்பியது. எஃகும் எஃகும் உரசியிருக்கின்றன. புதிதாகப் போட்ட வாஷர் இத்தனை சீக்கிரம் எப்படி எஃகில் உரசும்? விடை மனத்தில் வந்துவிட்டது, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

சம்பின் அடியில் வாஷர் ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது, பிளேடு கனத்தில். மற்றது இன்னும் தன் இடத்தில் இருந்தது. அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் கதை புரிந்துவிட்டது. த்ரஸ்ட் வாஷரின் ஒரு பக்கம் வெறும் எஃகு. மறுபக்கம் மிருதுவான பேரிங் உலோகம் பூசி, ஆயில் ஓட இரண்டு கோடு வெட்டியிருக்கும். கோடு உள்ள பக்கம் சுழலும் கிராங்கைப் பார்க்க வேண்டும். எஃகுப் பக்கம் நகராத பிளாக்கின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். என் எஞ்சினில் இரண்டையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். மிருதுவான பக்கம் அசையாத பிளாக்கோடு சும்மா உட்கார்ந்திருக்க, எஃகுப் பக்கம் கிராங்கோடு மல்லுக்கு நின்றது. தேய்ந்து மெலிந்ததும் பள்ளத்தில் நிற்கப் பிடிப்பில்லாமல், கிராங்கோடு சேர்ந்து சுழன்று வெளியே வந்து விழுந்துவிட்டது.

திருப்பிப் போட்டாலும் பொருத்தும்போது எதுவும் தெரியாது. இரண்டு பக்கமும் அதே தடிமன்தானே. எண்ட் ப்ளே அளந்தால் அன்றைக்கு அதுவும் சரியாகத்தான் காட்டியிருக்கும். ஆக, அளவு கருவி பிடிக்காத தவறு இது, கண் பிடிக்க வேண்டியது. பட்டறைக்குப் போனில் சொன்னபோது அவர்கள் மறுக்கவில்லை. "அம்பாசடர், ஃபியட்தான் சார் அதிகம் பண்றோம்" என்றார்கள். அதை நான் நம்புகிறேன், ஆனால் சமாதானமாக ஏற்க மாட்டேன். கோடு எதற்கு வெட்டியிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் எந்த எஞ்சினுக்கும் விடை ஒன்றுதான்.

வாஷர் விழுந்த பிறகும் வண்டி ஓடியிருக்கிறது. அதனால் கிராங்கின் பின் முகம் நேரடியாகப் பிளாக்கிலேயே உரசி, பிளாக்கில் அரைவட்டமாக ஒரு தேய்மானம். பேரிங் கேப்பிலும் அதே தழும்பு. கிராங்கில் வளையம் வளையமாகக் கீறல். வாஷர் மட்டும் மாற்றினால் போதும் என்றால் எஞ்சினை இறக்காமலே சம்ப் வழியாகச் செய்துவிடலாம். பிளாக் அடிபட்ட பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எஞ்சின் இறங்கியது.

லேத் பட்டறை அண்ணனுக்கு முதலில் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "தம்பி, போட்டோவுல காயம் தெரியும், அளவு தெரியுமா? பிளாக்கைக் கொண்டு வா. கேப்பையும் மறக்காம எடுத்துட்டு வா." கேப் இல்லாமல் பிளாக்கை எடுத்துப்போவது வீண். மூன்று கேப்பையும் மாட்டி, மெயின் பேரிங் உட்காரும் துளையை மையமாகப் பிடித்துத்தான் அந்த முகத்தைச் சமன் செய்ய முடியும். முகம் கிராங்கின் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். அரத்தால் தேய்த்துச் சமன் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் பிளாக்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கோணல் முகத்தில் உட்காரும் வாஷர் ஒரு மூலையில் மட்டும் பாரம் தாங்கும், அடுத்த சேதம் அங்கே தொடங்கும்.

அவர் காயம் மறையும் அளவுக்கு மட்டும் வெட்டினார், ஒரு மயிரிழை கூடுதல் இல்லை. கிராங்கின் முகத்தையும் கிரைண்டிங்கில் லேசாகத் துடைத்தார்கள். வெட்டிய ஒவ்வொரு துளியும் எண்ட் ப்ளேயில் போய்ச் சேரும், அதை வாஷர் தடிமனில் ஈடுகட்ட வேண்டும். புதிய மெயின் பேரிங், சாதாரண வாஷர் வைத்துப் பொருத்திப் பார்த்தபோது எண்ட் ப்ளே 0.65 மி.மீ. இருந்தது. இந்த வாஷர்கள் ஆயிரத்தில் 5 இன்ச், ஆயிரத்தில் 15 இன்ச் என்று கூடுதல் தடிமனிலும் கிடைக்கும். பின்னால் பதினைந்து, முன்னால் ஐந்து. இரண்டும் சேர்ந்து ஆயிரத்தில் 20, அதாவது 0.51 மி.மீ. மீதி 0.14. அனுமதித்த எல்லைக்குக் கிட்டத்தட்ட நடுவில். அண்ணன் டயல் கேஜைத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார், அவரிடம் அதுதான் பாராட்டு.

கணக்கு இப்படிச் சரியாக வராவிட்டால், தடிமனான வாஷரை வாங்கி, கண்ணாடித் தகட்டின் மேல் எமரித் தாளை விரித்து, ஆயில் விட்டுத் தேய்த்துக் குறைக்கலாம். தேய்ப்பது எஃகுப் பக்கத்தை மட்டும். கோடு உள்ள பக்கத்தில் தாள் படவே கூடாது.

கேப்பிலும் ஓர் அரை வாஷரை பின் அடித்துப் பொருத்தி முழு வட்டமாக்கிவிடும் முறை ஒன்று இருக்கிறது. ட்ரையம்ப் ஆட்கள் பலர் செய்கிறார்கள், பந்தய வண்டிக்குப் பொருத்தமும்கூட. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை போய்வரும் 948 சி.சி. வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. அரைவட்டம் சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதுவே பல வருடம் ஓடும்.

வாஷர் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஆனால் வேலையில் பெரும்பகுதி வாஷரே அல்ல, கழுவுவதுதான். அந்த எஃகுத் தூள் எங்கெல்லாம் போயிருக்கும்? சம்புக்கு வந்து, ஆயில் பம்ப்பின் வலைக்குள் நுழைந்து, பம்ப்பைக் கீறியிருந்தது. பிரஷர் அடிமட்டத்தில் நின்றதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பம்ப்பின் அடித்தகட்டைக் கண்ணாடி மேல் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினோம். மெயின், பிக் எண்ட் பேரிங்குகள் அளவில் குறையவில்லை, ஆனால் மிருதுவான பரப்பில் தூள் பதிந்திருந்தது. பதிந்த தூள் உப்புத்தாள் போலக் கிராங்கை அறுக்கும். காசைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றினோம். பிளாக்கின் ஆயில் பாதைகளை மூடியிருக்கும் பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டு, மண்ணெண்ணெயில் அலசி, காற்றடித்து, மறுபடி அலசினோம். கிராங்குக்குள் இருக்கும் துளைகளிலும் அதேதான். அந்தத் துளையிலிருந்து வந்த கறுப்புக் குழம்பைப் பார்த்தவர்கள், வாஷரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாம் என்று இனி யாருக்கும் யோசனை சொல்ல மாட்டார்கள்.

பொருத்தும்போது ரசித்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த எஞ்சினின் முன்பக்கம், சம்ப் உட்காரும் இடத்தில் ஓர் அலுமினியக் கட்டை வருகிறது. அதன் இரண்டு ஓரத்து இடுக்கிலும் ஆயில் கசியாமல் அடைக்க மரத்துண்டு வைப்பார்கள். நிஜ மரம். தட்டி இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளாக்கோடு சமமாகச் சீவிவிட வேண்டும். ட்ரையம்பின் ஊரான கோவெண்ட்ரியில் எஞ்சினுக்குத் தச்சு வேலையும் செய்திருக்கிறார்கள். அந்த அலுமினியக் கட்டையின் மரை சீக்கிரம் போய்விடும், ஸ்க்ரூவை முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜ் முள் எழும் வரை ஸ்டார்ட்டர் மோட்டாரிலேயே சுழற்றினோம். சூடான பிறகு அதே 2000 ஆர்.பி.எம்.மில் இப்போது 55 காட்டுகிறது. ரன்னிங்-இன் முடிந்ததும் டயல் கேஜை மறுபடி வைத்தேன். எண்ட் ப்ளேயில் மாற்றமில்லை.

ஓட்டும் பழக்கத்தில் இரண்டை மாற்றிக்கொண்டேன். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். ஸ்டார்ட் செய்யும்போதும் நியூட்ரலில் வைத்து, கிளட்சைத் தொடாமல்தான் சாவி திருப்புகிறேன். புதிய கார்கள் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று பழக்கிவிட்டன. இந்தப் பழைய எஞ்சினில் அது கெடுதல். ஆயில் இன்னும் மேலே ஏறாத நேரத்தில் காய்ந்த வாஷரின் மேல் முழு பாரத்தையும் ஏற்றுகிறோம்.

எஞ்சின் வேலைக்கு வண்டியை விடப்போகிறவர்கள் பில்லோடு ஓர் அளவுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். போர் எவ்வளவு, பேரிங் இடைவெளி எவ்வளவு, எண்ட் ப்ளே எவ்வளவு என்று எழுதித் தரட்டும். பிளாக்கில் வாஷர் உட்கார்ந்த பிறகு, கேப்பை மூடும் முன், கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும்படி ஒரு போட்டோவும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹெரால்டோ, அதே குடும்பத்து ஸ்டாண்டர்டு கேஸலோ ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது என்றால் இன்றைக்கே பானெட்டைத் திறந்து, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், சம்பைக் கழற்றிப் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வாஷர் இன்னும் விழாமல் இருந்தால் பிளாக் தப்பிக்க வாய்ப்புண்டு.